கலிஃபோர்னியாவில் பிக்கப்புக்குப் பெரிய இன்ஜின் மாற்றுவது எப்படி

ஃப்ரெஸ்னோவிலிருந்து ஷேவர் லேக்குக்கு 168ஆம் நெடுஞ்சாலையில் டிரெய்லரோடு ஏறியவர்களுக்கு அந்த மேடு தெரியும். என் 1998 ஷெவர்லே சி1500 பிக்கப் அங்கே இரண்டாம் கியரில் மூச்சு வாங்கும். ஒரு வளைவில் வேகம் குறைந்தால் போதும், முதல் கியருக்கு இறங்கி மணிக்கு 30 மைலில் அலறத் தொடங்கிவிடும். பின்னால் வரிசையாகக் கார்கள் நிற்கும். பக்கத்தில் இருக்கும் மனைவி ஒன்றும் பேசமாட்டாள், கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருப்பாள்.

அந்த மேட்டுக்காகத்தான் இன்ஜினை மாற்றினேன். இப்போது வண்டி நன்றாக இழுக்கிறது. ஆனால் மூன்று வார இறுதிகளில் முடியும் என்று கணக்குப் போட்ட வேலைக்கு ஏழு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் ஸ்பேனர் பிடித்ததில் போகவில்லை. தவறான இன்ஜினை வாங்கியதிலும், புகைப் பரிசோதனையில் சிக்கி நின்றதிலும் போனது. நீங்கள் அந்த மாதங்களை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது கலிஃபோர்னியாவில் பெட்ரோல் இன்ஜினுக்குப் பதில் இன்னொரு பெட்ரோல் இன்ஜின் வைப்பவர்களுக்கானது. வேறு மாநிலங்களில் சோதனை இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது கூட்டரசின் தூய காற்றுச் சட்டப்படி நாடு முழுக்கவே குற்றம்.

1. முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டி தன் எடையும் சுமையும் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று போட்டிருக்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையின் உச்சவரம்பு உரிமையாளர் கையேட்டில் இருக்கும். எத்தனை குதிரைத்திறன் இன்ஜின் வைத்தாலும் இந்த எண்கள் மாறாது. பிரேக், பின் ஆக்சில், சேசிஸ், ஸ்பிரிங் எல்லாவற்றையும் வைத்துத் தயாரிப்பாளர் போட்ட கணக்கு அது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைப் பார்க்கக்கூடும்.

ஆகவே டிரெய்லரில் தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்தில் உள்ள எடைமேடைக்குப் போங்கள். வெறும் டிரெய்லரின் விளம்பர எடையை நம்பாதீர்கள். என்னுடையது வாங்கும்போது 4,300 பவுண்டு என்றார்கள், எடைமேடையில் 5,200 வந்தது. இந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்கும், அதையும் பிக்கப்பின் சுமையில் சேர்க்க வேண்டும்.

உங்கள் எடை கையேட்டின் வரம்பைத் தாண்டினால் இன்ஜின் மாற்றும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது அதிகச் சுமைக்கென்றே செய்த 2500 வகைப் பிக்கப். வரம்புக்குள் இருந்து, ஏற்றத்தில் மட்டும் வண்டி திணறினால் மேலே படியுங்கள்.

2. பின் ஆக்சில் பற்களைப் பாருங்கள்

இந்தப் படியை நான் கடைசியில் செய்தேன். முதலில் செய்திருந்தால் ஒருவேளை இன்ஜினைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஷெவர்லேயைத் தயாரிக்கும் ஜிஎம் நிறுவனத்தின் அந்தக் காலத்துப் பிக்கப்புகளில் கிளவ் பாக்ஸ் மூடிக்குள் மூன்றெழுத்துக் குறியீடுகள் அடுக்கிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ‘ஜியூ4’ என்றிருந்தால் ஆக்சில் விகிதம் 3.08. ‘ஜியூ6’ என்றால் 3.42, ‘ஜிடி4’ (GT4) என்றால் 3.73, ‘ஜிடி5’ (GT5) என்றால் 4.10. எண் கூடக்கூட இழுவை கூடும், நெடுஞ்சாலையில் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

என்னுடையது 3.08. அதை 3.73 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 21 விழுக்காடு கூடும். எந்த இன்ஜினும் வாங்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கடையில் எனக்கு 1,100 டாலர் ஆனது, இரண்டு நாளில் வண்டி கையில். நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியென்றால் முன் ஆக்சிலையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. வேகமானி சரியாகக் காட்ட வண்டியின் கணினியில் விகிதத்தைத் திருத்தச் சொல்ல மறக்காதீர்கள்.

இதைச் செய்து ஒரு தடவை மேடு ஏறிப் பார்த்த பிறகு இன்ஜினைப் பற்றி யோசியுங்கள்.

3. எந்த இன்ஜின்?

என் வண்டியில் வந்தது 5.0 லிட்டர் வி8: 230 குதிரைத்திறன், 285 பவுண்டு-அடி முறுக்குவிசை. எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது, அதே வண்டியில் அதே ஆண்டு தொழிற்சாலையே வைத்துக் கொடுத்த 5.7 லிட்டர் இன்ஜின், ஜிஎம் குறியீடு எல்31. 255 குதிரைத்திறன், 330 பவுண்டு-அடி. இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் இணைப்பு எல்லாம் அப்படியே பொருந்தும். கணினியில் 5.7க்கான புரோகிராம் ஏற்ற வேண்டும், இன்ஜெக்டர்கள் 5.7க்கு உரியவையாக இருக்க வேண்டும். பரிசோதனையிலும் அதிகக் கேள்வி வராது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான்: உங்கள் வண்டியின் விற்பனைப் பட்டியலில் அதே ஆண்டில் இருந்த பெரிய இன்ஜினைத் தேடுங்கள்.

இரண்டாவது, நான் போன வழி: 6.0 லிட்டர் எல்கியூ9. 2003 காடிலாக் எஸ்கலேடில் வந்தது. 345 குதிரைத்திறன், 380 பவுண்டு-அடி. முறுக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இதன் அழுத்த விகிதம் அதிகம் என்பதால் பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்வார்கள். வருடம் முழுக்க அதைப் போட முடியுமா என்று இப்போதே கணக்குப் பாருங்கள். இதன் உடன்பிறப்பான எல்கியூ4 சாதாரண பெட்ரோலில் ஓடும், சக்தி சற்றுக் குறைவு.

உயரமும் இதில் சேரும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 3 விழுக்காடு சக்தியை இழக்கும். ஷேவர் லேக் 5,500 அடி. அங்கே என் பழைய 230 குதிரைகளில் 190 சொச்சம்தான் மிஞ்சியிருந்தன.

4. சட்டம் என்ன கேட்கிறது

கலிஃபோர்னியாவின் வாகனப் பழுதுபார்ப்புத் துறை, அதாவது பிஏஆர், இன்ஜின் மாற்றத்துக்கு வைத்திருக்கும் விதிகள் குறைவு. ஆனால் ஒன்றில்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இன்ஜின் உங்கள் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். கனரக வண்டிக்குச் சான்று பெற்ற இன்ஜினை இலகு வண்டியில் வைக்கக் கூடாது. உங்கள் வண்டி கலிஃபோர்னியச் சான்று பெற்றதென்றால், வரும் இன்ஜினும் கலிஃபோர்னியச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், கூட்டரசுச் சான்று மட்டும் போதாது. கடைசியாக, அந்த இன்ஜின் பழைய வண்டியில் இருந்தபோது அதோடு இருந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையும் கூடவே வர வேண்டும்: புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர்கள், ஆக்சிஜன் சென்சார்கள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர், செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனர் மாட்டும் கணினிச் சொருகி எல்லாம்.

இங்கிருந்து கொஞ்சம், அங்கிருந்து கொஞ்சம் என்று கலந்துகட்டினால் நிராகரிப்பார்கள்.

5. இன்ஜின் வாங்குவது: பணம் இங்கேதான் போகும்

நான் முதலில் வாங்கியது எல்கியூ9 இல்லை. காயலான்கடைக்காரர் “எஸ்கலேட் இன்ஜின் சார், அப்படியே தூக்கி வைத்துவிடலாம்” என்றார். இன்ஜின் சுத்தமாக இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், கசடு இல்லை. 1,400 டாலர் கொடுத்தேன். பில்லில் எழுதிக் கொடுத்த வண்டி எண்ணை வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எட்டாவது எழுத்து ‘யூ’ என்பது தெரிந்தது. அது எல்கியூ4. வேறு மாநிலத்தில் ஓடிய 2500 கனரகப் பிக்கப்பிலிருந்து வந்தது, கூட்டரசுச் சான்று. ஒரே நேரத்தில் இரண்டு விதிகளில் மாட்டியது. திருப்பிக் கொடுக்கப் போனால் “மாற்றித் தருவோம், பணம் தரமாட்டோம்” என்றார்கள், மாற்றித் தர அவர்களிடம் சரியான இன்ஜின் இல்லை. கடைசியில் வேறொருவருக்கு 500 டாலருக்கு விற்றேன்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் இவை கையில் இருக்க வேண்டும்:

இன்ஜின் வந்த வண்டியின் முழு 17 எழுத்து எண். 2003 ஜிஎம் டிரக்குகளில் எட்டாவது எழுத்து ‘என்’ என்றால் எல்கியூ9, ‘யூ’ என்றால் எல்கியூ4, ‘டி’ (T) என்றால் 5.3 லிட்டர் எல்எம்7.

இன்ஜின் பிளாக்கில், கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குத்தியிருக்கும் எண்ணின் புகைப்படம். அது வண்டி எண்ணின் கடைசிப் பகுதியோடு ஒத்துப்போக வேண்டும். டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துப் போங்கள், அழுக்கைத் தேய்த்தால்தான் தெரியும்.

அந்த வண்டியின் பானெட்டுக்குக் கீழே உள்ள புகைச் சான்று ஸ்டிக்கரின் புகைப்படம். எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கலிஃபோர்னியச் சான்றா, எந்த வகை வண்டி, எந்த ஆண்டு என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். எல்கியூ4 இன்ஜின் யூகான் டெனாலியிலும் வந்தது, கனரகப் பிக்கப்பிலும் வந்தது. இரும்பைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது, ஸ்டிக்கர்தான் சொல்லும். வண்டியை நசுக்க அனுப்பிவிட்டால் ஸ்டிக்கரும் போய்விடும், அதனால் வண்டி இன்னும் முழுசாக நிற்கும் இடத்தில் வாங்குங்கள்.

வண்டி எண் எழுதிய பில்.

இந்த விவரங்களோடு, பணம் கொடுப்பதற்கு முன்பே, இன்ஜின் மாற்றிய வண்டிகளைச் சோதித்து ஏற்கும் புகைப் பரிசோதனை ரெஃபரி மையத்துக்குப் போன் செய்து “இந்த இன்ஜின் என் வண்டிக்கு ஏற்குமா” என்று கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சு. அதைச் செய்யாததால் எனக்கு 900 டாலரும் ஆறு வாரமும் போனது.

இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கியர்பாக்ஸ், முழு வயரிங், கணினி, ஆல்டர்னேட்டர் முதலான துணைப் பாகங்கள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். 2003 இன்ஜினில் ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது, மின்சாரத்தில் இயங்கும். அதனால் ஆக்சிலரேட்டர் பெடலையும் அதன் மாட்யூலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இவற்றைத் தனித்தனியாகத் தேடினால் விலை இரண்டு மடங்கு.

6. செலவும் காலமும்

வேலையை நானும் ஒரு நண்பரும் என் கராஜில் செய்தோம், கூலி இல்லை. எனக்கு ஆனது இது: இன்ஜினும் கியர்பாக்ஸும் கூட வந்தவையும் 2,600 டாலர். எக்ஸாஸ்டும் புதிய கன்வர்ட்டர்களும் 1,900. வயரிங்கை வெட்டித் திருத்தவும் கணினி புரோகிராமுக்கும் 700. வாட்டர் பம்ப், சீல், கேஸ்கெட், ஹோஸ், ஆயில் 650. பெட்ரோல் குழாயும் ஆவிக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் 540. ரேடியேட்டரும் கியர் ஆயில் கூலரும் 420. இன்ஜின் கிரேன் வாடகை 200, மவுண்ட் தகடுகள் 180, ஏசிக்கு 180. மொத்தம் 7,370 டாலர். முதல் இன்ஜினில் போன 900 தனி.

உங்கள் திட்டத்தில் நான்கில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். பதிவுப் புதுப்பிப்புக்குப் புகைப் பரிசோதனை இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும். உங்கள் கெடு நெருங்கும்போது இன்ஜினை இறக்காதீர்கள். பரிசோதனை முடிந்த கையோடு தொடங்கினால் நெருக்கடி இருக்காது. இந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் மூன்று மாதத்துக்காவது மாற்று ஏற்பாடு வேண்டும்.

7. இறக்குவதும் ஏற்றுவதும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மெக்கானிக் வேலை தெரிந்தவருக்கு இது கடினமில்லை. ஏசி வாயுவைக் காற்றில் திறந்துவிடாதீர்கள், அது சட்ட விரோதம். கடையில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். பழைய வயரிங்கைக் கழற்றும்போது ஒவ்வொரு சொருகியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே வாட்டர் பம்ப், பின்பக்க சீல், ஆயில் பேன் கேஸ்கெட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் வைத்த பிறகு பின் சீல் ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கவனியுங்கள்: புதிய தலைமுறை இன்ஜினின் கிராங்க் முனை பழையதைவிட 0.4 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கும். இடைவளையம் இல்லாமல் பொருத்தினால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் சரியாக அமராது, கியர்பாக்ஸின் பம்ப் கெட்டுவிடும்.

இழுவைக்கு ஓடும் வண்டியில் கியர் ஆயில் கூலரில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேட்டில் முதலில் சூடாவது இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ்.

8. கணினியில் எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது

புதிய கணினி தான் வந்த வண்டியின் திருட்டுத் தடுப்புச் சாவியைத் தேடும், கிடைக்காவிட்டால் இன்ஜின் ஓடாது. அந்த ஒன்றை மட்டும் புரோகிராமில் நீக்கலாம்.

வயரிங் செய்து தருபவர்கள் பலர் பின் ஆக்சிஜன் சென்சார்களையும் ஆவிக் கட்டுப்பாட்டையும் சேர்த்து நீக்கி அனுப்பிவிடுவார்கள். பந்தய வண்டிகளுக்குச் செய்து பழகிய கை. நீங்கள் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் உங்களுக்கும் அப்படியே வரும். ஆர்டரிலேயே “கலிஃபோர்னிய ரெஃபரிக்குப் போகும் வண்டி, புகை தொடர்பான எதையும் நீக்க வேண்டாம்” என்று எழுத்தில் கொடுங்கள். 2021 ஜூலை 19 முதல் இங்கே புகைப் பரிசோதனையில் கணினி மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

9. கன்வர்ட்டர்: பழையதைத் தொடாதீர்கள்

காயலான்கடையில் எஸ்கலேடின் எக்ஸாஸ்ட் முழுசாகக் கிடந்தது. கன்வர்ட்டரோடு வாங்கலாமே என்று ஆசை வந்தது. கலிஃபோர்னியாவில் பழைய கன்வர்ட்டரை விற்பதும் பொருத்துவதும் சட்ட விரோதம். புதியதுதான் வேண்டும், அதிலும் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் குத்தியதாக இருக்க வேண்டும். அந்த எண் உங்கள் இன்ஜினின் ஆண்டுக்கும் வகைக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியா தவிர்த்த நாற்பத்தொன்பது மாநிலங்களுக்கான மாடல் மலிவாகக் கிடைக்கும், இங்கே செல்லாது.

கன்வர்ட்டர் எஸ்கலேடில் இன்ஜினிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதே தூரத்தில் வர வேண்டும். கழற்றும் முன் டேப் வைத்து அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து புகை எளிதாக வெளியேற வைக்கும் ஹெடர் குழாய்கள் போட விரும்பினால் அதற்கும் அனுமதி எண் வேண்டும்.

10. ரெஃபரியிடம் போகும் முன்

மாற்றிய இன்ஜினைச் சாதாரண புகைப் பரிசோதனைக் கடையில் காட்டிப் பயனில்லை, ரெஃபரியிடம் போக வேண்டும். பல மையங்கள் கம்யூனிட்டி காலேஜ் வளாகங்களில் இருக்கின்றன. முன்பதிவு செய்துதான் போக முடியும். எனக்கு மூன்று வாரம் கழித்து நாள் கிடைத்தது.

கணினி தன்னைத்தானே சோதித்து முடித்த பிறகே போகலாம். இதற்கு ரெடினஸ் மானிட்டர் என்று பெயர். முப்பது டாலர் ஸ்கேனர் ஒன்று வாங்கினால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று காட்டும். பேட்டரியைக் கழற்றினாலோ கோளாறுக் குறியீட்டை அழித்தாலோ எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே பரிசோதனை அன்று காலை குறியீட்டை அழித்துவிட்டுப் போகாதீர்கள்.

என்னை ஐந்து வாரம் நிறுத்தி வைத்தது ஆவிக் கட்டுப்பாட்டு மானிட்டர். 2003 கணினி பெட்ரோல் டாங்கில் அழுத்தத்தை அளந்து கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். என் டாங்கில் அந்தக் கணினிக்கு ஏற்ற சென்சார் இல்லை. டாங்கை இறக்கி சென்சார், காற்றடைப்பு வால்வு இரண்டையும் வைத்த பிறகும் மானிட்டர் முடியவில்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை, நான்தான் ஒவ்வொரு தடவையும் டாங்கை நிரப்பி வைத்திருந்தேன். டாங்கில் 15 முதல் 85 விழுக்காடு பெட்ரோல் இருந்தால்தான் அந்தச் சோதனை நடக்கும். வண்டி இரவு முழுக்க நின்று குளிர்ந்திருக்கவும் வேண்டும். பாதி டாங்கோடு விட்டுவிட்டு, காலையில் கிளப்பி நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினேன். இரண்டாம் நாள் ஸ்கேனரில் பச்சை வந்தது.

எடுத்துப் போக வேண்டியவை: பதிவு அட்டை, இன்ஜின் பில், எஸ்கலேடின் வண்டி எண், புகைச் சான்று ஸ்டிக்கரின் படம், கன்வர்ட்டர் பில். எல்லாம் சரியாக இருந்தால் ரெஃபரி கதவுத் தூணில் ஒரு லேபிள் ஒட்டுவார். அடுத்த தடவையிலிருந்து சாதாரணக் கடைக்கே போகலாம், அவர்கள் அந்த லேபிளைப் பார்த்துச் சோதிப்பார்கள். அதன் மேல் பெயின்ட் படாமல், உரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்ஜின் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

11. டிரெய்லரை மாட்டும் முன்

முதல் 500 மைல் வெறும் வண்டியாக ஓட்டுங்கள். பிறகு ஆயிலை மாற்றி, மவுண்ட் போல்ட்டுகளையும் எக்ஸாஸ்ட் இணைப்புகளையும் மறுபடி முடுக்குங்கள். டிரெய்லரின் பிரேக்கையும் பிக்கப்பில் உள்ள பிரேக் கன்ட்ரோலரையும் சமதளத்தில் சரிபாருங்கள். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள பயண டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். டிரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பு 55 மைல், இன்ஜின் பெரிதானதால் அது மாறவில்லை.

முதல் மேடு பாதிச் சுமையோடு இருக்கட்டும். கியர் ஆயிலின் வெப்பத்தைக் காட்டும் ஒரு மானியை மாட்டி அதன்மேல் கண் வைத்திருங்கள். 220 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒதுங்கும் இடம் பார்த்து நிறுத்தி, நியூட்ரலில் போட்டு இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிடுங்கள், கூலர் வழியாக ஆயில் சுற்றிச் சூடு இறங்கும். திரும்பி இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் வாருங்கள். முன்னால் இருக்கும் பிரேக் அதே பழைய 1998 பிரேக்தான்.